சின்ன அம்மாச்சியின் காது

என் மாமியார்தான் என் அம்மாச்சி. அம்மாவின் தம்பியை, அதாவது என் தாய்மாமனை, நான் கட்டிக்கொண்டதால் வந்த உறவு. மதுரைப் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. குழந்தைக்கு ஒரு குறை என்றால் ‘உன் வீட்டு ரத்தமா, என் வீட்டு ரத்தமா’ என்று மூளுமே ஒரு சண்டை, அதற்குக்கூட எங்களிடம் வழியில்லை. இரண்டும் ஒரே வீடு.

மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது எனக்குச் சந்தேகம் வந்தது. ஆறேழு மாதம் வரை ‘ஊ’, ‘ஆ’ என்று கூவிக்கொண்டிருந்தவள் பிறகு குறைத்துக்கொண்டே வந்தாள். ஆனால் கதவை அடித்துச் சாத்தினால் திரும்புவாள். செம்பு கீழே விழுந்தாலும் திரும்புவாள். “கேட்கத்தானே செய்கிறது” என்றார்கள். தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அதிர்வு உடம்பில் ஏறியிருக்கிறது. அது காதில் விழுந்த சத்தமே இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது. யாராவது இடுப்பில் வைத்துக்கொள்ள, இன்னொருவர் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நாங்கள் காட்டிய முதல் மருத்துவர், “சில பிள்ளைகள் தாமதமாகப் பேசும், இரண்டு வயது வரை பாருங்கள்” என்றார். அதை நம்பி நான்கு மாதங்களை விட்டேன். அந்த நான்கு மாதங்களுக்காக இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை, பாதி அவர் மேல், பாதி என் மேல்.

முதலில் ஓஏஇ, ஒலிக்கு உட்காது எதிரொலி தருகிறதா என்று பார்க்கும் சோதனை. காதுக்குள் ஒரு சிறு முனையை வைத்தார்கள், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. உட்காதிலிருந்து எதிரொலி வரவில்லை. அடுத்தது பெரா. ஒலி போகும்போது காது நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்னலைகளைத் தலையில் ஒட்டிய வில்லைகள் வழியே பதிவு செய்யும் சோதனை. குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதற்காக முந்தைய இரவு தூங்கவிடாமல் வைத்திருந்து, காலையில் பஸ்ஸில் கண் செருகும்போதெல்லாம் கன்னத்தைத் தட்டிக்கொண்டே கூட்டிப்போனோம். அங்கே தூக்க மருந்தும் கொடுத்தார்கள். அவள் தூங்கவே இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஏறிய உடனே தூங்கினாள்! இரண்டாவது தடவைதான் முடிந்தது. 90 டெசிபெல்லிலும் இரண்டு காதிலும் பதில் இல்லை.

பிறகு மூன்று மாதம் காது மெஷின். அதில் பலன் இல்லாவிட்டால்தான் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உட்காதுக்குள் மின்முனைகளை வைத்து நரம்பை நேராகத் தூண்டும் கருவி. அந்த அறுவைக்கு முன்னால் மெஷினைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். பலன் இல்லை. சி.டி. ஸ்கேனில், உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் நத்தை எலும்பு சரியாக உருவாகியிருப்பதும், எம்.ஆர்.ஐ.யில் கேட்கும் நரம்பு இருப்பதும் தெரிந்தன. நரம்பே இல்லாவிட்டால் காக்ளியர் கருவியால் பயன் இல்லை. ஈசிஜி எடுக்கச் சொன்னபோது “காதுக்கு எதற்கு நெஞ்சுப் பரிசோதனை?” என்று கேட்டேன். ஜெர்வெல் லாங்கே-நீல்சன் என்று ஒரு மரபுக் கோளாறு இருக்கிறதாம். பிறவியிலேயே காது கேட்காது, இதயத்தின் மின்னோட்டத்திலும் பிழை இருக்கும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதன் பிறகு எந்தப் பரிசோதனைக்கும் நான் கேள்வி கேட்கவில்லை.

இன்னொரு நாள் மரபணு ஆலோசகர் எங்களை உட்கார வைத்து வம்ச வரைபடம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவிக்கு நடுவே ஒற்றைக் கோடு, சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் இரட்டைக் கோடு இழுத்தபோது, ஏதோ பரீட்சைத் தாளில் தவறாக எழுதியதைக் கோடிட்டுக் காட்டியதுபோல் இருந்தது. “குடும்பத்தில் வேறு யாருக்காவது காது கேட்காமல் இருந்ததா?” என்றார். நாங்கள் இல்லை என்றோம். மூலையில் பாப்பாவை மடியில் வைத்திருந்த அம்மாச்சி, “என் தங்கைக்குக் கேட்காது” என்றார்.

அப்படி ஒரு தங்கை இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பதினாறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனவராம். ஊர் அவரை ஊமைச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. ஆலோசகர் மேலே ஒரு வட்டம் போட்டு அதைக் கறுப்பாக நிரப்பினார். அடியில் என் மகளின் வட்டமும் கறுப்பு. நடுவில் நாங்கள் எல்லோரும் வெள்ளை.

முடிவு வந்தது. 13-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஜிஜேபி2 மரபணுவில் டபிள்யூ24எக்ஸ் என்ற பிழை, அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக வரும் இரண்டு பிரதியிலும். உட்காதில் செல்லுக்குச் செல் பொட்டாசியம் கடந்துபோக வழிவிடும் கன்னெக்சின் 26 என்ற புரதத்தை எழுதும் மரபணு அது. பிழை காரணமாகப் புரதம் இருபத்து நான்காம் இடத்திலேயே அறுந்துபோகிறது. ஒரு பிரதி மட்டும் பழுதானால் காது நன்றாகவே கேட்கும். எனக்கும் என் கணவருக்கும் அப்படித்தான். அம்மாச்சியிடமிருந்து நேராக அவருக்கு, என் அம்மா வழியாக எனக்கு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ‘ஒன்று இப்படிப் பிறந்துவிட்டது, இனி மூன்று நன்றாகப் பிறக்கும்’ என்று கணக்குப் போடக் கூடாது, ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதிதாகக் குலுக்குகிறார்கள் என்றார் ஆலோசகர். இந்தியாவில் இந்தப் பிழை பரவலாக இருப்பதால், உறவில் கட்டாதவர்களுக்கும் இப்படிப் பிறக்கிறதாம். காத்திருப்புக் கூடத்தில் அப்படி இரண்டு குடும்பங்களைப் பார்த்தேன். நல்ல செய்தி ஒன்றும் இருந்தது. இந்த வகையில் கெடுவது காதின் உள்பகுதிதான், நரம்பு அல்ல. அதனால் கருவி நன்றாக வேலை செய்யும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு அட்டை இருந்தது. அது இல்லாவிட்டால் பல லட்ச ரூபாய்க்கு நாங்கள் எங்கே போவது? வருமானச் சான்று, மாற்றுத்திறனாளி அட்டை, குழு ஒப்புதல் என்று அலைந்ததைச் சொல்லி அலுப்பூட்ட மாட்டேன். எல்லாத் தாளிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துக்காக நான் மூன்று வாரம் நடந்தேன். மூளைக்காய்ச்சல் வராமலிருக்க நிமோகாக்கல் தடுப்பூசியும் போட்டார்கள்.

அறுவை நடந்தபோது அவளுக்கு இரண்டு வயது ஒரு மாதம். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, நத்தை எலும்புக்குள் 22 மின்முனைகள் கொண்ட மெல்லிய இழையைச் செருகினார்கள். மறுநாளே கட்டோடு வார்டில் ஓடினாள். எல்லோரும் பயந்த பகுதி அதுதான், எல்லாவற்றிலும் எளிதாக முடிந்ததும் அதுதான்.

மூன்று வாரம் கழித்து ‘சுவிட்ச் ஆன்’, கருவியை முதன்முதலாக இயக்கும் நாள். செல்போன் வீடியோக்களில் குழந்தைகள் சிரிப்பார்களே, அதை எதிர்பார்த்துப் போனோம். இவள் அலறினாள். உள்ளே இருக்கும் கருவிக்கு ஒலியை அனுப்பும் காயில் என்ற வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டியிருக்கும், அதைப் பிடுங்கி எறிந்தாள். வீட்டில் ஒரு நாள் அதைக் காணாமல் எல்லோரும் தேடினோம். இரும்பு பீரோவின் பக்கவாட்டில் பல்லிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒலியின் அளவை முதலில் குறைவாக வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதற்குப் பெயர் மேப்பிங்.

அதற்கு மேல்தான் உண்மையான வேலை. வாரம் இரண்டு நாள் பயிற்சி, மற்ற நாள்களில் வீடே பயிற்சிக்கூடம். தினமும் காலையில் ஆறு ஒலிகள்: ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். என் வாயை மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், கேட்டால் அவள் டப்பாவில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது. ‘ஆ’வுக்கு இரண்டு வாரத்தில் கொட்டை விழுந்தது, ‘ஸ்’ஸுக்கு இரண்டு மாதத்தில். ‘ம்’ மட்டும் வரவே இல்லை. மேப்பிங்கில் கீழ்ச்சுருதி மின்முனைகளைத் திருத்திய பிறகுதான் அதற்கும் விழுந்தது. அப்புறம் பல், பால். கல், கால். ஒரு மாத்திரை வித்தியாசத்துக்காக எத்தனை மாலைகள்!

பயிற்சியாளர் கை ஜாடை கூடவே கூடாது என்றார். ஆறு மாதம் கீழ்ப்படிந்தேன், அம்மாச்சியின் கையைக்கூடப் பிடித்து நிறுத்தினேன். தங்கையோடு பேசிய ஜாடைகள் அறுபது வருடம் கழித்தும் அவருக்கு மறக்கவில்லை. ஒரு நாள் கருவியின் கேபிள் அறுந்து, புதியது வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் பாப்பா அம்மாச்சியை விட்டு நகரவில்லை. அதன் பிறகு நான் தடுக்கவில்லை. குளிக்கும்போதும், வியர்வையில் நனைந்த கருவியைக் கழற்றி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்த பிறகும் அவளுக்கு ஒரு பாஷை வேண்டுமே.

இப்போது நாலரை வயது. ‘ழ’ இன்னும் வரவில்லை, அவள் அப்பாவுக்கும் சரியாக வராது. இரவில் எட்டு மணிக்குக் கருவியைக் கழற்ற வேண்டும் என்பது என் சட்டம். போன வாரம் மின்சாரம் போன இருட்டில் அம்மாச்சி கதை சொல்லிக்கொண்டிருந்தார். உதடும் தெரியாது, கையும் தெரியாது. கழற்றப் போனேன். பாப்பா தலையை இழுத்துக்கொண்டாள்.

“அந்த ராஜாவுக்கு ஏழு பெண்ணாம்” என்றார் அம்மாச்சி.

“ம்” என்றாள்.