4ஏ-ஜி-இசட்-இ எஞ்சின்: இதுவரைக்கும் பாத்த வேலை

வண்டி டொயோட்டா எம்ஆர்2 (ஏடபிள்யூ11 பாடி), 1986ல வந்த சூப்பர்சார்ஜர் மாடல், அதாவது எஞ்சின் பெல்ட்ல சுத்தற ஒரு பம்ப் காத்த அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளும். இதுல இருக்கற 4ஏ-ஜி-இசட்-இங்கற 1.6 லிட்டர் எஞ்சினப் பத்தி யார்கிட்ட கேட்டாலும் முதல்ல சூப்பர்சார்ஜரத்தான் சந்தேகப்படுவாங்க, ஆனா கழட்டி மாட்டிப் பாத்த வரைக்கும் எஸ்சி12ங்கற அந்த சூப்பர்சார்ஜர் யூனிட் கெட்டி, அதச் சுத்தி இருக்கற ரப்பர், வயரிங், கிளட்ச் இதுங்கதான் வயசாகி படுத்துது.

எனக்கு இருந்த பிரச்சனை இதான். எஞ்சின் சூடாகற வரைக்கும் நல்லா இழுக்கும், சூடானதுக்கு அப்புறம் ஆக்சிலரேட்டர மிதிச்சா மந்தமா போகும், டேஷ்போர்டுல சூப்பர்சார்ஜர் பச்சை லைட் மட்டும் ஒழுங்கா எரியும். லைட் எரிஞ்சா கிளட்சுக்கு கரண்ட் போகச் சொல்லியாச்சுன்னு தான் அர்த்தம், கிளட்ச் பிடிச்சிடுச்சுன்னு இல்ல. இதுல எஸ்சி (சூப்பர்சார்ஜர்) எல்லா நேரமும் சுத்திக்கிட்டே இருக்காது, ஏசி கம்ப்ரசர்ல இருக்கற மாதிரி புல்லிக்குள்ள ஒரு மேக்னட்டிக் கிளட்ச் இருக்கு, ஐடில்லயும் மெதுவா போகும்போதும் அது விட்டுடும், காத்து பைபாஸ் வால்வு வழியா சுத்திப் போயிடும். கிளட்ச இழுத்துப் பிடிக்கற மேக்னட் காயில் சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், இழுக்கற சக்தி குறையும், அதோட பிளேட் தேஞ்சு இடைவெளியும் அகலமாயிருந்தா சூட்டுல வழுக்க ஆரம்பிச்சிடும்.

மல்டிமீட்டர் வெச்சு கிளட்ச் ஆன்ல இருக்கும்போதே அளந்தேன். பேட்டரில முழு வோல்டேஜ், காயில் கனெக்டர்ல பாத்தா நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பூத்து கெடந்துச்சு, சுத்தம் பண்ணி ரிலேவும் மாத்தினேன், இப்போ சூட்டுலயும் பிடிக்குது. லோடு இல்லாம கனெக்டர கழட்டி அளந்தா இந்த வோல்டேஜ் டிராப் கண்ணுக்கே தெரியாது, அதனால மாட்டி வெச்சு, கரண்ட் ஓடும்போது தான் அளக்கணும்.

அடுத்தது காத்து லீக். இந்த எஞ்சின்ல காத்து வர்ற வரிசை முக்கியம்: ஏர்ஃப்ளோ மீட்டர் (உள்ள வர்ற காத்த அளக்கறது), த்ராட்டில், எஸ்சி, இன்டர்கூலர் (அழுத்தின காத்த குளிர வெக்கறது), அப்புறம் மேனிஃபோல்டு. த்ராட்டில் எஸ்சிக்கு முன்னாடி இருக்கறதால, எஸ்சிக்கு அப்புறம் வர்ற ஹோஸ்ல ஒரு விரிசல் விழுந்தா ரெண்டு பக்கமும் அடி. ஐடில்ல உள்ள வேக்குவம் (உறிஞ்சற இழுப்பு) இருக்கும்போது மீட்டர் பாக்காத காத்து உள்ள வரும், ஐடில் ஏறி இறங்கும். பூஸ்ட் (எஸ்சி தர்ற காத்து அழுத்தம்) வந்தா மீட்டர் கணக்கு பண்ணின காத்து வெளிய போயிடும், பெட்ரோல் மட்டும் அதிகமாகி கரும்புகை வரும். ஐடில் ஆட்டமும் கரும்புகையும் சேர்ந்து இருந்தா நான் இன்ஜெக்டர் பக்கமே போக மாட்டேன், முதல்ல ஹோஸ்தான். சுலபமா பாக்க ஒரு வழி, ஐடில்ல ஓடும்போது ஆயில் ஊத்தற மூடிய கழட்டுங்க, எஞ்சின் தடுமாறணும், அதான் சரி. ஒண்ணுமே மாறலன்னா ஏற்கனவே எங்கயோ பெரிய லீக் இருக்குன்னு வெச்சுக்கலாம். என் வண்டில இன்டர்கூலர் பக்கத்து ஹோஸ் மடிப்புக்கு அடியில கிழிஞ்சிருந்துச்சு, மேல இருந்து பாத்தா புதுசு மாதிரி இருக்கும்!

எஸ்சி கியருக்கு தனி ஆயில், எஞ்சின் ஆயிலோட சம்பந்தமே இல்ல, நிறைய பேர் இத மறந்துடறாங்க. லெவல் பாத்து அதுக்குன்னு உள்ள ஆயில்தான் விடணும். கூலன்ட் மாத்தும்போதும் பொறுமை வேணும், எஞ்சின் பின்னாடி, ரேடியேட்டர் முன்னாடி, நடுவுல நீளமா பைப், காத்து மாட்டிக்கிட்டா ஹீட்டாகும்.

உள்பக்கம் எனக்கு கவலையே இல்ல. ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஆரம்ப மாடல்ல கம்ப்ரஷன் 8.0க்கு 1 தான், பூஸ்ட தாங்கறதுக்குன்னே பண்ணின எஞ்சின். வால்வு கிளியரன்ஸ் இன்டேக் 0.15ல இருந்து 0.25 மிமீக்குள்ள, எக்ஸாஸ்ட் 0.20ல இருந்து 0.30க்குள்ள, எல்லாமே சரியா தான் இருந்துச்சு. நாக் சென்சார் (எஞ்சின் தட்டற சத்தத்த கண்டுபிடிக்கறது) வயர் மட்டும் மொறுமொறுன்னு ஆகியிருக்கு, அது அறுந்தா ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க் டைமிங்க பின்னாடி தள்ளி பவர குறைச்சிடும், எரர் கோடு 52 வரும். அத மாத்தணும்.

இப்போ மிச்சம் இருக்கறது ஒரு கரகர சத்தம். ஐடில்ல வருது, கிளட்ச் பிடிச்சதும் நின்னுடுது. கிளட்ச் விட்டிருக்கும்போது புல்லி மட்டும் அதோட பேரிங் மேல தனியா சுத்தும், பிடிச்சிட்டா ரெண்டும் ஒண்ணா சுத்தும், அதனால இது புல்லி பேரிங்தான். பிடிச்சதுக்கு அப்புறம் சத்தம் வந்திருந்தா கியர், ரோட்டர் பக்கம் பயப்பட்டிருப்பேன். பேரிங்குக்கு புல்லிய கழட்டும்போதே ஷிம் (இடைவெளிக்கு வெக்கற மெல்லிய வாஷர்) எடுத்து கிளட்ச் பிளேட் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வெச்சு சரி பண்ணிடப் போறேன்.