21 கிலோமீட்டர் உயரத்தில் பர்னர் ஏன் அணைகிறது

வெப்பக்காற்று பலூனில் ஏறிய உச்சம் 21,027 மீட்டர். 2005 நவம்பர் 26 அன்று மும்பையிலிருந்து கிளம்பிய விஜய்பத் சிங்கானியாவுடையது. அதற்கு முன், 1988ல் பெர் லிண்ட்ஸ்ட்ராண்ட் டெக்சஸில் தொட்ட 19,811 மீட்டர். எல்லாரும் பலூன் எவ்வளவு பெரிசு என்றுதான் கேட்கிறார்கள். தலைவலி, காற்றைச் சூடாக்கும் அடுப்பான பர்னரில்.

முதலில் கணக்கு. உள்ளே 100 டிகிரி இருந்தால், சிங்கப்பூரின் ஜூரோங்கில் காலை 26 டிகிரியில் ஒரு கன மீட்டர் சூடான காற்று தூக்குவது சுமார் 230 கிராம். மத்தியானம் 32 டிகிரியில் 210தான். தலைக்கு நேர் மேலே 21 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கு. ஆனால் தூக்குவிசை அந்த அளவுக்குக் குறைவதில்லை, 36 கிராம் வரை கிடைக்கும். காரணம் மைனஸ் 60ஐ ஒட்டிய குளிர். (17 கிலோமீட்டரில் நமக்கு மேலே மைனஸ் 80 டிகிரி. அந்த உயரத்தில் ஐரோப்பாவில்கூடப் பொதுவாக இவ்வளவு குளிராது!) 45,000 கன மீட்டர் கொள்ளும் பலூன் உறைக்கு இது 1.6 டன். துணி, அழுத்தக் கூண்டு (உள்ளே காற்றழுத்தம் காக்கும் மூடிய கூண்டு), எரிபொருள், ஆள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

தூக்கிவிடும் அதே குளிர்தான் அடுப்பைக் கெடுக்கிறது. பர்னரில் எரியும் புரோப்பேன் வாயு, தரைமட்ட அழுத்தத்தில் கொதிப்பது மைனஸ் 42ல். அதற்குக் கீழே கலனின் சொந்த அழுத்தம் எரிபொருளை வேண்டிய வேகத்தில் வெளியே தள்ளப் போதாது. அதனால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் கூட்ட வேண்டும், கலனைக் குளிர் தாக்காமல் போர்த்தவும் வேண்டும். சமையல் எரிவாயுவில் கலக்கும் பியூட்டேன் 0 டிகிரியிலேயே மந்தமாகிவிடும், பக்கத்திலேயே சேர்க்கக்கூடாது. அடுத்தது ஆக்சிஜன்: மெல்லிய காற்றில் சுடர் நீண்டு, வெளிறி, முனையைவிட்டு எழும்பி அணையும். பைலட் சுடருக்கு (பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சிறு சுடர்) தனி ஆக்சிஜன் கொடுப்பது நல்லது. அணைந்தால் முதல் வேலை வால்வை மூடுவது. சிதறிய எரிபொருளோடு மறுபடி பற்றவைத்தால் உறையே போய்விடும். இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகும், அங்கே பற்றவைக்கலாம்.

ஆளுக்கு: 19 கிலோமீட்டருக்கு மேல் உடல் வெப்பத்திலேயே நீர் கொதிக்கும். அழுத்தக் கூண்டோ அழுத்த உடையோ இல்லாமல் போகவே கூடாது.

சிங்கப்பூரில் முயலலாமா? நொடிக்கு 5 மீட்டர் ஏறினால் உச்சத்துக்கு 70 நிமிடம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேக மேற்குக் காற்றில் அதற்குள் 47 கிலோமீட்டர் நகர்ந்திருப்பீர்கள். தீவின் மேற்கு முனையான துவாஸில் ஏறினால், கிழக்கு முனையில் சாங்கி விமான நிலைய ஓடுதளங்களைத் தாண்டிக் கடல்தான்.