நிஜிகாயில் என்ன பாடுவது? எளிய ஜப்பானியப் பாடலைத் தேடிய அனுபவம்

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பர். ஆண்டிறுதி விருந்தான போனென்காய் முடிந்ததும் பத்துப் பேராக ஒரு கரோக்கே அறைக்குள் நுழைந்தோம். விருந்துக்குப் பின் நடக்கும் இந்த இரண்டாம் சுற்றுக்கு நிஜிகாய் என்று பெயர். ஜப்பானிய மொழித் தேர்வில் கீழிருந்து இரண்டாம் நிலையான என்4 தேறியிருந்த துணிச்சல் எனக்கு. தினமும் ரயிலில் கேட்டு மனப்பாடமாகிவிட்டதாக நினைத்திருந்த யோஅசோபி இசைக் குழுவின் 'யோரு நி ககேரு' பாடலைத் தட்டினேன். திரையில் எழுத்துகள் நிறம் மாறி ஓடிக்கொண்டே இருந்தன. நான் இரண்டு வரி பின்தங்கியிருந்தேன். சாபி, அதாவது பல்லவி உச்சத்துக்கு ஏறும் இடம் வந்தபோது எனக்கு மூச்சே இல்லை. யாரோ இரக்கப்பட்டு நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அதிகம் சுட்டது.

அடுத்த ஆண்டு ஜூலையில் அதற்கு மேல்நிலையான என்3 தேர்வு, டிசம்பரில் மறுபடியும் நிஜிகாய். இரண்டுக்கும் சேர்த்தே படித்தேன். அப்போது தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாடல் ஏன் காலை வாரியது என்று உட்கார்ந்து பார்த்தேன். அதன் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 130 தட்டு; நம் ஊர்க் குத்துப்பாட்டுகளோடு ஒப்பிட்டால் பெரிய வேகமில்லை. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் அடைத்திருக்கும் எழுத்துகள்தான் சிக்கல். இசையமைத்த அயாசே, கணினிக் குரலான வோகலாய்டில் பாடல் செய்து பெயர் பெற்றவர். கணினிக்கு மூச்சு வாங்காது, நமக்கு வாங்கும். போதாக்குறைக்குக் கடைசியில் சுருதி வேறு மாறுகிறது. காதுக்குப் பிடித்த பாட்டும் வாய்க்கு வசப்படும் பாட்டும் வேறு வேறு என்பது அன்று உறைத்தது.

ஜப்பானிய மொழியில் கானா என்னும் ஒலியெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு காலம். அதை ஹாக்கு என்பார்கள். நம் மாத்திரைக்கு நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளலாம். குறில், நெடில் படித்தவர்களுக்குப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியில்தான் வழுக்கும். தமிழில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. ஜப்பானிய 'ன்' எழுத்துக்கோ முழு ஹாக்கு. செய்தித்தாளைக் குறிக்கும் 'ஷிம்புன்' என்ற சொல் நம் வாயில் இரண்டே அசை. பாட்டில் வந்தால் அது ஷி, ம், பு, ன் என்று நான்கு சுரங்களில் உட்காரும். அந்த 'ம்' மீது (எழுத்தில் அதுவும் 'ன்'தான்) வாயை மூடி ஒரு தட்டு முழுக்க நிற்க வேண்டும். நான் அதை முந்தைய எழுத்தோடு விழுங்கிவிட்டு, எப்போதும் தாளத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தேன்.

ஆகவே என் முதல் சோதனை இதுதான்: பாடலின் முதல் நான்கு வரிகளை மேசையில் விரலால் தட்டிக்கொண்டு படித்துப் பாருங்கள். ஒரு சுரத்துக்கு ஓர் எழுத்து என்று விழுந்தால் அது உங்கள் பாட்டு. ஒரே சுரத்தில் இரண்டு மூன்று எழுத்துகளைத் திணித்திருந்தால், ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பொதுவாகப் பழைய பாடல்கள் இதில் தேறும்.

வரிகளைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு பாடும் யோசனை பலருக்கு வரும். எனக்கும் வந்தது. கியூ சகமோட்டோவின் 'உஎ ஓ முயிதே அருகோ' பாடலின் தலைப்பிலேயே அது பல்லிளித்துவிட்டது. நடப்போம் என்ற பொருள் தரும் அந்தக் கடைசிச் சொல்லைத் தமிழில் 'அருகோ' என்று எழுதினால் நடுவில் இருக்கும் க மென்மையாக ஒலிக்கிறது. வல்லோசை வேண்டுமே என்று 'அருக்கோ' என்று எழுதினால் அங்கே ஒரு ஹாக்கு கூடிப்போய்த் தாளம் இடிக்கிறது. இரண்டு இரவு மல்லுக்கட்டிவிட்டு, கானாவின் அடிப்படை வடிவமான ஹிராகானாவிலேயே படிக்கப் பழகிக்கொண்டேன். அதுவே தேர்வுக்கும் உதவியது.

அடுத்தது சுருதி. பாட்டின் தொடக்கத்தைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நேராக சாபிக்குப் போய் அதன் உச்ச சுரத்தை முனகிப் பாருங்கள். ஜப்பானியர்கள் இந்த உச்சங்களை 'மிட்2 ஜி', 'ஹை ஏ' என்று குறித்துப் பேசுவார்கள்; முன்சொல் ஸ்தாயியையும் ஆங்கில எழுத்து சுரத்தையும் குறிக்கும். எனக்கு மிட்2 எஃப் தாண்டினாலே தொண்டை இறுகும். 2019இல் வந்த 'பிரிட்டெண்டர்' போன்ற பாடல்கள் என் எல்லைக்கு வெகு மேலே. டென்மோக்கு என்னும் கைத்திரையில் சுருதியை அரை அரையாக ஏற்றி இறக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து படி இறக்கினால் சாபி வசப்படும், தொடக்க வரிகள் பாதாளத்துக்குப் போய்விடும். இரண்டு படிக்கு மேல் இறக்க வேண்டியிருந்தால் நான் பாட்டையே மாற்றிவிடுவேன். மெதுவான பாட்டு எளிது என்று நம்பியும் ஏமாறாதீர்கள். கிரோரோவின் 'மிராய் எ' (1998) சொற்களில் எளியது, உச்சரிக்கவும் சுகம். ஆனால் நீளமாக இழுக்கும் இடங்களில் சுருதி நடுங்கினால் அறை முழுக்கக் கேட்கும்.

என் பட்டியல் சிறியது. சகமோட்டோவின் பாடலே முதலிடம். 1961இல் ஜப்பானில் வந்தது. 1963இல் 'சுகியாகி' என்று, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மாட்டிறைச்சிப் பதார்த்தத்தின் பெயரோடு, அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. தொடக்க அடிகள் யோனானுகி என்னும் ஐந்து சுர வரிசையில் போகின்றன. அது நம் மோகனத்தின் சுரங்களேதான்; முதல் தடவையிலேயே நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் சீழ்க்கை வரும் இடமும் உண்டு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேலாளர் வயதினருக்கும் தெரிந்த பாட்டு என்பதால் யாராவது சேர்ந்து பாடுவார்கள்.

அடுத்து, ஸ்மாப் குழுவினர் 2003இல் வெளியிட்ட 'செகாய் நி ஹிதோட்சு தகே நோ ஹானா'. ஐந்து பேர் சேர்ந்து பாட எழுதியது, ஆகவே யாரையும் திணறவைக்காது. ஸ்பிட்ஸின் 'செரி' (1996) துள்ளலாக இருக்கும். ஆண்கள் ஒன்றிரண்டு படி இறக்கிக்கொள்ளலாம். பெண்களுக்கு ஐம்யோனின் 'மேரிகோல்டு' (2018). நள்ளிரவு நெருங்கி எல்லோரும் களைத்திருந்தால் புளூ ஹார்ட்ஸின் 'லிண்டா லிண்டா' (1987). அங்கே சாபியில் கத்தத் தெரிந்தால் போதும்.

தேர்வெழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. திரையில் காஞ்சி என்னும் சீனவழி எழுத்துகளின் தலைக்கு மேல், உச்சரிப்பைக் காட்டும் ஃபுரிகானா என்ற சிறு கானா எழுத்துகள் வரும். படிப்புக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பாடலாசிரியர்கள் விதி என்று பொருள்படும் 'உன்மேய்' என்ற சொல்லைக் காஞ்சியில் எழுதிவிட்டு மேலே 'சதாமே' என்று படிக்கச் சொல்வார்கள். பாட்டில் அழகு, தேர்வில் மதிப்பெண் போகும். ஃபுரிகானாவில் புதிதாக எதைப் பார்த்தாலும் அகராதியில் ஒரு முறை சரிபார்த்த பிறகே குறிப்பேட்டில் எழுதுவேன். எனக்கு உண்மையில் பலன் தந்தது கேட்டல் பகுதியில்தான்: நெடிலும் குறிலும் இரட்டிப்பும் காதில் தனித்தனியாக விழத் தொடங்கின.

பயிற்சிக்குத் தனியாகப் போங்கள். ஹிதோகாரா என்று அதற்கு ஒரு பெயரே இருக்கிறது, யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். வேலை நாளின் பகல் நேரத்தில் கட்டணம் குறைவு. மதிப்பெண் தரும் வசதியை முதல் வாரம் தொடவே வேண்டாம். அது திரையில் காட்டும் சுரங்களின் கோட்டைத் துரத்துவதில் சொற்கள் தவறிப்போகும். வழிகாட்டும் மெட்டின் ஒலியை மட்டும் கூட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அறைத் தொலைபேசி அடிக்கும். நான் முதன்முறை தனியாகப் போன அன்று, மறுமுனையில் படபடவென்று ஏதோ கேட்டார்கள். புரியாமல் 'ஹாய்' என்றேன். ஜப்பானிய மொழியில் அது 'ஆமாம்'. நேரத்தை நீட்டிக்கவா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் அரை மணி நேரத்துக்குப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. அந்த அரை மணியில்தான் சகமோட்டோவின் பாடலை முதன்முதலாக, சீழ்க்கை உட்பட, முழுதாகப் பாடி முடித்தேன்.