பைத்தானில் ஒரு வட்டிக் கணக்கு

புரோகிராம் எழுதுவதைவிட, எழுதியதை ஓட வைக்கும் இடத்துக்கு வந்து சேர்வதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. நான் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்ப்பவன். எக்செல் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

பைத்தான் என்ற புரோகிராம் மொழி இலவசம். இன்ஸ்டால் திரையின் அடியில் ‘பாத்தில் சேர்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டுக்குப் பைத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நோட்பேடில் எழுதினால் இன்னொரு தொல்லை: பெயருக்குப் பின்னால் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதைக் கண்ணிலும் காட்டாது. இதெல்லாம் எதற்கு? பைத்தானோடு சேர்ந்தே வரும், புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கும் ஐடிலைத் திறந்து, புது ஃபைலில் எழுதி, எஃப்5 தட்டினால் போதும், ஓடிவிடும்.

முதலில் ‘வணக்கம்’ என்று காட்டச் சொல்லி எழுதினேன், திரையில் வந்தது. சரி, இதை வைத்து என்ன செய்வது? கையில் இருக்கும் வேலையையே எடுத்தேன். 50,000 ரூபாய், நூற்றுக்கு ரெண்டு வட்டி, பத்து மாதம். பைத்தான் 3-இல் மாறிகளுக்கு, அதாவது எண்களைப் போட்டு வைக்கும் பெட்டிகளுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது:

தொகை = அசல் * வட்டி * மாதம் / 100

நம் கணக்கு நோட்டில் இருப்பதுபோலவே இருக்கிறது, இல்லையா? ஆனால் மூன்று எண்களையும் ‘இன்புட்’ என்ற கட்டளை மூலம் கேட்டு வாங்கியதும் சிவப்பில் நாலைந்து வரி கொட்டியது. அதை மேலிருந்து படித்தால் தலை சுற்றும். கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும், என்ன கோளாறு என்பது அங்கேதான் இருக்கும். டைப் எரர், எழுத்தை எழுத்தால் பெருக்க முடியாது என்றது. இன்புட்டில் எதை அடித்தாலும் பைத்தானுக்கு அது எழுத்துதான். அப்படி வாங்கிய 5-ஐயும் 5-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள், 55 என்று வரும்! ஒவ்வொரு இன்புட்டையும் ‘இன்ட்’ என்று எழுதி அதன் அடைப்புக்குறிக்குள் போட்டதும் அது எண்ணாகிவிட்டது.

விடை 10000.0 என்று வந்தது. ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் பைத்தான் 3 எப்போதும் தசமத்தில்தான் சொல்லும். இரட்டைச் சாய்கோடு போட்டால் அந்தப் புள்ளியும் பூஜ்யமும் போய்விடும், ஆனால் வேறு கணக்கில் பைசாவும் சேர்ந்து போய்விடும். வட்டிக் கணக்கில் அது ஆகாது. பூஜ்யம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் முதலாளி எட்டிப் பார்த்து, “பத்தரை மாசத்துக்குப் போடுப்பா” என்றார். 10.5 என்று அடித்ததும் மறுபடி சிவப்பு. இன்ட் முழு எண்ணைத்தான் வாங்கிக்கொள்ளும். மாதத்துக்கு மட்டும், தசம எண்ணையும் வாங்கிக்கொள்ளும் ‘ஃப்ளோட்’ என்று மாற்றினேன், 10500.0 வந்தது.