காசிமேட்டு ஐஸும் ஒரு பழைய பென்டியமும்

கையில் இருந்தது ஐயாயிரம் ரூபாய். அதற்குள் ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்து, ஓவர்கிளாக் செய்து (அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவைத்து), சூப்பர் பை 1எம் ஓட்டத்தை 9 நொடிக்குள் முடிக்க வேண்டும். போன மே மாதம் முழுக்க எனக்கு இதே நினைப்புதான்.

சூப்பர் பை 1995-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த புரோகிராம். பை எண்ணைப் பத்து லட்சம் இலக்கத்துக்கு மேல் கணக்குப் போட்டு, எத்தனை நொடி ஆனது என்று காட்டும், வேறொன்றும் செய்யாது. இத்தனை வருஷம் கழித்தும் ஓவர்கிளாக் செய்பவர்கள் அதை விடாததற்குக் காரணம் உண்டு. புராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிக்குக் கோர் என்று பெயர், அது ஒரே ஒரு கோரைத்தான் பயன்படுத்தும். எட்டு கோர் வைத்திருப்பவருக்கு அங்கே தனி லாபம் கிடையாது, என் மாதிரி ஆளுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது.

புராசஸர் எது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பென்டியம் ஜி3258. பென்டியம் பெயருக்கு 20 வருஷம் ஆனதைக் கொண்டாட இன்டெல் 2014-இல் விட்டது. இரண்டு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், ஆனால் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்ணான மல்டிபிளையர் பூட்டப்படவில்லை, நாமே மாற்றலாம். அந்தக் காலத்தில் 72 டாலருக்கு அப்படி ஒரு சிப் கிடைத்தது பெரிய விஷயம். 1998-இல் செலரான் 300ஏ என்ற மலிவான சிப்பின் பஸ் வேகத்தை, அதாவது அது போர்டோடு பேசும் வேகத்தை, 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றி 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்களே, அந்த வம்சம் இது. மலிவான சிப்பிலிருந்து அது தரக்கூடியதைவிட அதிகமாக வாங்குவதில் இருக்கும் சந்தோஷம், விலை உயர்ந்த சிப்பில் எனக்குக் கிடைத்ததில்லை.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு நடந்தேன். இரண்டு சனிக்கிழமை அலைந்ததில் எல்லாம் கிடைத்தது. புராசஸர் 900, எச்81 போர்டு 2,200, 4 ஜிபி ராம் 450, மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 650. ஹார்ட் டிஸ்க் வீட்டில் இருந்தது. மிச்சம் 800 ரூபாய்.

போர்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எச்81 என்பது போர்டை நடத்தும் சிப்செட்டின் பெயர், அது ஓவர்கிளாக்குக்கு என்று வந்தது இல்லை. ஆனால் சில போர்டுகளுக்கு வந்த பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அமைப்பு புரோகிராம்) பதிப்புகளில் இந்தப் பென்டியத்துக்கு மட்டும் மல்டிபிளையர் திறந்திருக்கும், பிறகு வந்த பதிப்பில் அது மூடப்பட்டிருக்கலாம். அதனால் கடையில் போர்டை ஆன் செய்யச் சொல்லி, பயாஸுக்குள் போய், அந்த ஒரு வரியைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார், நான் விடவில்லை.

முதலில் எதையும் தொடாமல் ஓட்டினேன். 12.5 நொடி, வெப்பம் 62 டிகிரி. இதை நோட்டில் எழுதிவைத்தேன். பலர் இந்த வேலையைச் செய்வதில்லை, பிறகு எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று தெரியாமல் திணறுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதுவது. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்தை மல்டிபிளையரால் பெருக்கினால் வேகம் வரும். 32-ஐ 36 ஆக்கினேன், பிறகு 38, 40. வோல்டேஜை ஆட்டோவில் விடக் கூடாது, போர்டு தேவைக்கு மேல் கொடுத்துவிடும். கையால் 1.12 வோல்ட் வைத்தேன். 4.0 கிகாஹெர்ட்ஸ் தானாக ஓடியது போல் ஓடியது.

அதற்கு மேல் ஒவ்வொரு படியும் விலை கேட்டது. 4.2-க்கு 1.20 வோல்ட். 4.3-க்கு 1.26. சிப் குடிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். கணக்குப் போட்டால் 4.3-இல் அது முதலில் குடித்ததைவிட முக்கால் பங்கு அதிகம். கூடவே வந்த சின்ன ஃபேனால் முடியவில்லை, வெப்பம் 92-க்குப் போனது. நேரம் 9.5 நொடி. போர்டில் மின்சாரம் கொடுக்கும் மாஸ்ஃபெட்கள், சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் இல்லாமல் மொட்டையாக இருந்தன, விரல் வைக்க முடியவில்லை. செத்த போர்டு ஒன்றின் அலுமினிய ஹீட்சிங்கை அறுத்து அவற்றின் மேல் ஒட்டி, பழைய எஸ்எம்பிஎஸ் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பினேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முயன்றேன். கத்திரி வெயில் நாட்களில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கும் வீட்டுக்குள் 31 டிகிரி. 4.4-இல் கம்ப்யூட்டர் திறக்கும், சூப்பர் பை பாதியில் நிற்கும்.

அப்போதுதான் ஐஸ் யோசனை வந்தது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் எனக்குப் பைக்கில் பத்து நிமிஷம். படகுக்கும் மீனுக்கும் விடிய விடிய ஐஸ் உடைக்கும் ஊரில் இருந்துகொண்டு நான் ஃபேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

காலடிப்பேட்டையில் மாமா லேத் வைத்திருக்கிறார். 75 மில்லிமீட்டர் அலுமினிய உருளைத் துண்டை எடைக்கு வாங்கிக் கொண்டுபோய், அடி கெட்டியாக, உள்ளே குடைந்து, ஐஸ் போட ஒரு கிண்ணம் கடையச் சொன்னேன்.

"எதுக்குடா மாப்ள இது? சாம்பிராணி போடவா?"

"புராசஸர் மேல உக்காரணும் மாமா. அடி கண்ணாடி மாதிரி மட்டமா இருக்கணும்."

அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இந்த சாக்கெட்டில், அதாவது போர்டில் புராசஸர் உட்காரும் இடத்தில், கூலர் மாட்டும் ஓட்டைகள் 75 மில்லிமீட்டர் சதுரத்தில் இருக்கும். அதற்கேற்ப ஒரு பட்டையில் நாலு துளை போட்டு, மரை போட்ட கம்பிகளும் விங் நட்டும் கொடுத்தார். வீட்டில் வந்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவி, மாட்டி, உடனே கழற்றிப் பார்த்தேன். பேஸ்ட் ஒரு பக்கம் மெழுகிய மாதிரி மெல்லிசாகவும், எதிர் மூலையில் தடவியது தடவியபடியும் இருந்தது. அந்த மூலை சிப்பைத் தொடவே இல்லை. மறுநாள் மாமாவே ஒரு கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பரை விரித்து, தண்ணீர் தெளித்து, 400, 800, 1200 என்று வரிசையாகக் கிண்ணத்தின் அடியைத் தேய்த்தார். 8 வடிவத்தில் சுற்றிச் சுற்றி, ஒரு மணி நேரம். கடைசியில் டியூப்லைட்டின் கோடு அதில் நெளியாமல் தெரிந்தது. கூலி வாங்கவில்லை.

ஐஸ் எவ்வளவு வேண்டும் என்று பயந்தேன், கணக்கு வேறு சொன்னது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். சிப் 80 வாட் கொடுத்தால் ஒரு கிலோ உருக ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். தெர்மாகோல் பெட்டியோடு காசிமேட்டில் போய் நின்றேன். "மீனுக்கா தம்பி?" என்றார் ஐஸ் அள்ளுபவர். கம்ப்யூட்டருக்கு என்றதும் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, கூட ஒரு மண்வெட்டி அள்ளிப் போட்டார். உப்பு கலந்தால் இன்னும் குளிரும், பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும். நான் கலக்கவில்லை. உப்புத் தண்ணீர் போர்டில் சிந்தினால் அதோடு கதை முடிந்தது.

குளிரைவிட எனக்குப் பாடம் நடத்தியது கடற்காற்று. ஐஸ் வாட்டர் ஊற்றிய சொம்பு வெளியே வேர்க்கிறதல்லவா, அதே வேலை. மே மாதத்தில் எங்கள் பக்கம் 25, 26 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பும் வேர்த்துவிடும். கிண்ணம் பூஜ்யத்தில் இருந்தது. சாக்கெட்டைச் சுற்றி வாசலின் பூசி, டிஷ்யூ சுற்றி, எல்லாம் சரி என்று நினைத்தேன். 22-ஆவது நிமிஷம் திரை உறைந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். கை நடுங்கியது. மேல் பக்கம் காய்ந்தே இருந்தது. போர்டைத் திருப்பினால், சாக்கெட்டுக்கு நேர் பின்னால் வேர்வை முத்து முத்தாக நின்று, ஒரு சொட்டு ராம் ஸ்லாட்டின் பின்களுக்கு ஓடியிருந்தது. குளிர் சாக்கெட் வழியே போர்டின் முதுகுக்கு இறங்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டுப் பல் பிரஷால் கழுவி, இரண்டு நாள் டேபிள் ஃபேன் முன்னால் நிறுத்திவைத்தேன். அந்த இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரே பீப். திரை வந்தது.

இந்த முறை முதுகுப் பக்கம்தான் முதல் வேலை. வாசலின், அதன் மேல் படம் வரைபவர்கள் வைத்திருக்கும் பிசையக்கூடிய அழிப்பானைச் சூடு காட்டிப் பிசைந்து அழுத்தியது, அதன் மேல் பார்சலில் வரும் ஃபோம். முன்பக்கமும் அப்படியே, ராம் ஸ்லாட் வரைக்கும். இருபது நிமிஷம் ஓட்டினால் பத்து நிமிஷம் நிறுத்தி டிஷ்யூவைத் தொட்டுப் பார்ப்பது.

ஐஸ் தண்ணீர் பூஜ்யம் என்றால் கோரும் பூஜ்யம் என்று நினைக்க வேண்டாம். சிப்புக்கும் அதன் உலோக மூடிக்கும் நடுவே இந்தத் தலைமுறையில் சோல்டர் பற்று கிடையாது, பேஸ்ட்தான். அதனால் சூடு வெளியே வரத் தாமதிக்கும். ஓட்டத்தின்போது கோர் 50 டிகிரி காட்டியது. 92-இலிருந்து அது எவ்வளவு தூரம்! 4.5-க்கு 1.30. 4.6-க்கு 1.34. 4.7-க்கு 1.38 வோல்ட். சூப்பர் பை 19 சுற்று. ஒவ்வொரு சுற்றும் திரையில் விழ விழ நான் மூச்சு விடவில்லை. 8.8 நொடி.

4.8-உம் திறந்தது. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் "நாட் எக்ஸாக்ட் இன் ரவுண்ட்" என்று நின்றது. கணக்கில் எங்கோ ஓர் இலக்கம் தப்பினால் அது காட்டும் செய்தி. 1.42 வோல்ட் கொடுத்திருக்கலாம். ஒட்டவைத்த அந்த ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன்.

மாமாவுக்குப் படம் அனுப்பினேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "அடி மட்டமா இருந்துச்சாடா?" என்றுதான் முதலில் கேட்டார்.

மறுநாள் வாசலினைத் துடைத்தெடுக்கவே அரை நாள் ஆனது. சாக்கெட் ஓரம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அதே பென்டியம், அதே போர்டு, பழைய சின்ன ஃபேனோடு 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.12 வோல்ட்டில் என் தங்கச்சி மேசையில் ஓடுகிறது. கிண்ணத்தை மட்டும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி எடுத்துவைத்திருக்கிறேன்.