விட வேண்டிய மீனும் கொல்ல வேண்டிய மீனும்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள யெல்லோஸ்டோன் ஏரியில் தூண்டில் போடுகிறவர் கையில் இரண்டு வகை டிரவுட் மீன்கள் சிக்கலாம். தாடைக்கு அடியில் செஞ்சிவப்புக் கீற்றுள்ள கட்த்ரோட் டிரவுட் சிக்கினால், எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதை உயிருடன் நீரில் விட்டுவிட வேண்டும். கருமையான உடலில் வெளிறிய புள்ளிகளும் ஆழமாகப் பிளந்த வாலும் உள்ள லேக் டிரவுட் சிக்கினால், அதைத் திரும்ப உயிருடன் விடுவது சட்டப்படி குற்றம். முதல் மீனுக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை பூஜ்யம்; இரண்டாவதற்கு உச்சவரம்பே கிடையாது. பிடிப்பு வரம்பு என்றால் நாளொன்றுக்கு இத்தனை மீன் என்ற ஓர் எண் மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்த ஏரியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

கட்த்ரோட் அந்த ஏரியில் இயல்பாகவே வாழ்ந்துவரும் மீன். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதை மக்கள் தாராளமாகப் பிடித்தார்கள். மற்ற நீர்நிலைகளில் விடுவதற்காக அதன் முட்டைகளும் கோடிக்கணக்கில் எடுக்கப்பட்டன. மீன் குறைந்தபோது நாள் வரம்பைக் குறைத்தார்கள், போதவில்லை. 1970இல் 14 அங்குலத்துக்குக் குறைந்த மீனை எடுக்கக்கூடாது என்று விதித்தார்கள். சின்னதை விட்டுவிடு, பெரியதை எடுத்துக்கொள் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். மீன் பிடிக்கும் எல்லா ஊர்களிலும் பெரியவர்கள் சொல்லித்தரும் பாடமும் அதுதான். ஆனால் அந்த ஏரியில் 14 அங்குலத்தைத் தாண்டிய மீன்கள்தான் பலமுறை முட்டையிட்டுத் தேறிய மூத்த மீன்கள். அவற்றையே குறிவைத்து எடுக்கும்படி விதி அமைந்துவிட்டது. 1975இல் அதைத் தலைகீழாக மாற்றி, 13 அங்குலத்துக்கு உட்பட்ட இரண்டு மீன்களை மட்டும் எடுக்கலாம், அதைவிடப் பெரியதை விட்டுவிட வேண்டும் என்றார்கள். அதன்பின் ஏரியில் வயதான மீன்கள் மீண்டும் பெருகின. ஒரு விதியின் எண்ணைவிட, அது எந்த வயது மீனின் மேல் விழுகிறது என்பதே முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில் உள்ள பாலம், அதில் வரிசையாக நின்று தூண்டில் போடுகிறவர்களால் ஃபிஷிங் பிரிட்ஜ் என்றே பெயர் பெற்றது. கட்த்ரோட் முட்டையிடும் இடம் அது என்பதால் 1973 முதல் அங்கே மீன்பிடிக்கத் தடை இருக்கிறது.

இப்படித் தேறிவந்த ஏரியில் 1994இல் லேக் டிரவுட் கண்டுபிடிக்கப்பட்டது. அதே பூங்காவின் லூயிஸ், ஷோஷோன் ஏரிகளில் 1890இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இனம் அது. கட்த்ரோட்டைத் தின்றே பெருத்தது. 1978இல் கிளியர் கிரீக் என்ற ஓர் ஓடையில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட கட்த்ரோட்டுகள் முட்டையிட ஏறின. முப்பது ஆண்டுகளுக்குள் அந்த எண்ணிக்கை சில நூறாகச் சரிந்தது. கட்த்ரோட் ஓடைகளில் ஏறி முட்டையிடுவதால் கரடிக்கும் நீர்நாய்க்கும் மீன்கொத்தும் பருந்துக்கும் உணவாகும். லேக் டிரவுட்டோ ஏரியின் ஆழத்திலேயே வாழ்ந்து அங்கேயே முட்டையிடுவதால் இந்த உயிர்களுக்கு எட்டவே எட்டாது. ஆகவே ஒரு டிரவுட்டின் இடத்தை இன்னொரு டிரவுட் நிரப்பியதாக எண்ண வழியில்லை. காட்டின் உணவுச் சங்கிலியில் ஒரு கண்ணியே அறுந்துபோனது.

பூங்கா நிர்வாகம் வலைகளைக் கொண்டு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட லேக் டிரவுட்டுகளை அகற்றியிருக்கிறது. 2001 முதல் பூங்கா முழுவதும் கட்த்ரோட் உள்ளிட்ட உள்ளூர் மீன்கள் அனைத்தையும் விட்டுவிட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அப்படி விடப்படும் மீன் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே மற்ற விதிகள் இருக்கின்றன: உயிர் இரைக்குத் தடை, தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை மழுக்கியே பயன்படுத்த வேண்டும். கோடையில் ஆற்றுநீர் சூடேறும்போது சில ஆறுகளைப் பிற்பகலிலிருந்து மூடிவிடுவதும் இதே காரணத்தால்தான். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால், போராடிக் களைத்த டிரவுட் விடப்பட்ட பிறகும் இறந்துபோகும். இதை உணராமல், கையில் அனுமதிச் சீட்டு இருக்கிறதே என்று வாதிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புதிதாக அங்கே செல்லும் நண்பர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: தூண்டிலை எடுப்பதற்கு முன் மீனை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். மாநில உரிமம் பூங்காவுக்குள் செல்லாது, பூங்காவின் சீட்டைத் தனியாக வாங்க வேண்டும். அதனுடன் வரும் விதிப் புத்தகத்தை ஆண்டுதோறும் புதிதாகப் படிக்க வேண்டும், ஏனெனில் ஓர் ஆற்றுக்குரிய விதி பக்கத்து ஆற்றுக்குப் பொருந்தாது. மீன் சாப்பிட விரும்புகிறவர்கள், பனி உருகி ஏரி திறந்தவுடன் கரையோரம் செல்லலாம். நீர் குளிர்ந்திருக்கும் அந்த நாட்களில் லேக் டிரவுட் ஆழமற்ற பகுதிக்கு வரும், படகு இல்லாமலே பிடிக்க முடியும். கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் தணலில் சுடுவதற்கு ஏற்றது. சமைக்க விருப்பமில்லை என்றால் அதைக் கொன்று, அது மூழ்கும்படி உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையைக் குத்திவிட்டு ஆழமான நீரில் போட்டுவிட வேண்டும்.