தையல் கிளாஸும் மேட்டி துணியும்

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் சங்கத்துல மலருக்கு ஏதாவது எழுதுங்கன்னு கேட்டாங்க. ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா பத்தியெல்லாம் மத்தவங்க எழுதிடுவாங்க, நம்ம தையல் டீச்சரைப் பத்தி யாரும் எழுத மாட்டாங்க, அதான் நான் எழுதறேன்.

முதல்ல மேட்டி துணில (நெசவு கட்டம் கட்டமா தெரியற துணி) கிராஸ் ஸ்டிச், அதாவது பெருக்கல் குறி மாதிரி போடற தையல். துணியை நாலா மடிச்சு நடுப்புள்ளி கண்டுபிடிச்சு அங்கேருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வாங்க, அப்பதான் டிசைன் ஒரு பக்கமா ஒதுங்காது. ஆறு இழை நூலை சேர்த்து இழுத்தா சிக்கிக்கும், ஒவ்வொரு இழையா உருவி அப்புறம் வேணுங்கறதை சேர்த்து கோக்கணும். (இப்போ ஐடா துணி வந்துடுச்சு, 14 கவுண்ட்னா இன்ச்சுக்கு 14 கட்டம், அதுக்கு ரெண்டு இழை போதும்.) மேல் தையல் எல்லாமே ஒரே பக்கம் சாஞ்சிருக்கணும், இல்லன்னா வெளிச்சம் மாறி மாறி பட்டு ஒரே கலர் நூலே திட்டுத்திட்டா தெரியும்.

காம்புத் தையல், சங்கிலித் தையல், லேசி டெய்சி எல்லாம் சீக்கிரம் வந்துடும். பிரெஞ்சு நாட்னு ஊசில நூலைச் சுத்திப் போடற முடிச்சு இருக்கே, அதுலதான் பாதி பேர் அழுதுடுவாங்க. முடிச்சு ஏன் பின்னாடி போயிடுதுன்னு டீச்சர் பக்கத்துல உக்காந்து காட்டுவாங்க: நூல் வந்த ஓட்டைலயே திரும்ப ஊசியை விடாதம்மா, ஒரு இழை தள்ளி விடு, இடது கையால நூலை இறுக்கி பிடிச்சுக்கோ, ஊசி முழுசா இறங்கற வரைக்கும் விடாத. அவ்ளோதான், பூ நடுவுல கடுகு மாதிரி உருண்டு உக்காரும்.

ஆனா என்னைக் கேட்டா நம்ம பாண்டிச்சேரிக்கே பெருமை ரிஷ்லியூ கட்வொர்க்தான், தையல் போட்டு நடுவுல துணியை வெட்டி எடுத்துடற வேலை. ரோமன் ரோலண்ட் வீதில க்ளூனி சபை கன்னியாஸ்திரிகளோட எம்ப்ராய்டரி சென்டர் இருக்கே, அங்க பெண்கள் கையாலயே போடற மேஜை விரிப்பைப் பாத்தா தெரியும். துணில வரைஞ்ச டிசைன் கோட்டு மேல ரெண்டு வரி ஓட்டுத் தையல், நடுவுல நூல் பாலம், எல்லாத்து மேலயும் நெருக்கமா காஜா தையல், முடிச்சு விழற ஓரம் வெட்டப்போற பக்கம் இருக்கணும். தையல் முழுசா முடிஞ்ச பிறகுதான் கத்தரி, பாலத்துல படாம துணியை மட்டும் வெட்டணும். எவ்ளோ பொறுமை வேணும் பாருங்க!

யார்கிட்டயாவது அப்போ துணித்துண்டு ஒட்டி வெச்ச தையல் நோட்டு இருந்தா ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து சங்கத்துக்கு அனுப்புங்க, துணியோட பின்பக்கமும் தெரியணும். இங்க நம்ம பசங்களுக்கு லீவுல சொல்லிக்குடுக்க நான் ரெடி.